கடலோர வறண்ட நிலத்துல எந்தத் தண்ணிய நம்பி தோட்டம் போடுறது: ராமநாதபுரம் பக்கம் வர்றவங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் கடலோரமா நிலம் வாங்கி தோட்டம் போட வர்றவங்க நிறைய பேரைப் பாத்துட்டேன். வெளிநாட்டு சம்பாத்தியத்துல வாங்குனவங்க, ரிட்டயர் ஆகி ஊருக்குத் திரும்புனவங்க, தரிசா கிடந்த அப்பா நிலத்தை மறுபடி உழ வந்தவங்க. கிட்டத்தட்ட எல்லாரும் பண்ற முதல் வேலை போர் வண்டிக்கு போன் போடுறது. இந்த மண்ணுல அது கடைசியா பண்ண வேண்டிய வேலை, சில இடத்துல பண்ணவே கூடாத வேலை. 300 அடி, 400 அடின்னு இறக்கி, உப்புத்தண்ணி வந்து, அதையே தென்னங்கன்னுக்கு ஊத்தி, ரெண்டு வருஷத்துல மண்ணும் போய் கன்னும் போய் நிக்கிறவங்கள பாக்க மனசு கேக்கல, அதான் எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலைன்னு வரிசையா எழுதுறேன்.

இந்த வரிசைய மாத்தாதீங்க. ஒவ்வொரு படியில கிடைக்கிற விடைய வச்சுத்தான் அடுத்த படிக்கே போக முடியும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ஒரு ஈ.சி. மீட்டர் (தண்ணி எவ்வளவு கரண்டைக் கடத்துதுன்னு பாத்து அதுல இருக்குற உப்பைக் காட்டுறது), பேனா சைஸ்ல இருக்கும், இது இல்லாம ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்குற மொத்த உப்பு) மட்டும் காட்டுற மீட்டர் வேண்டாம், ஏன்னா அந்த மீட்டரும் அளக்கிறது ஈ.சி.யத்தான், அதை ஏதோ ஒரு நம்பரால பெருக்கி டி.டி.எஸ்.னு காட்டுது, ஒரு கம்பெனி 0.5 வச்சு பெருக்கும் இன்னொண்ணு 0.64 வச்சு பெருக்கும், ஒரே தண்ணிக்கு ரெண்டு மீட்டர் ரெண்டு கணக்கு சொல்லும். ஈ.சி. நேரா அளந்த கணக்கு. மீட்டர்ல மைக்ரோசீமன்ஸ்னு வந்தா 1000ஆல வகுத்துக்கோங்க, கீழ நான் சொல்ற எல்லா ஈ.சி. அளவும் டெசிசீமன்ஸ்ல.

அப்புறம் நிலத்தோட பட்டா, புலப்பட நகல், நீள டேப், சுத்தமான ஒரு லிட்டர் பாட்டில் நாலஞ்சு, ஒரு மழைமானி, ஒரு நோட்டு. பிளாஸ்டிக் மழைமானி விலை குறைவுதான், பக்கத்து டவுன் மழைக்கணக்கை நம்பாதீங்க, இந்தப் பக்கம் ஒரு ஊர்ல கொட்டும், மூணு கிலோமீட்டர் தள்ளி தூறல்கூட இருக்காது.

நிலம் கடலுக்கு ரொம்ப கிட்ட இருந்தா கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியையும் முதல்லயே பாத்துக்கோங்க. அலை ஏறுற கோட்டுல இருந்து 200 மீட்டருக்குள்ள, அங்கயே வசிக்கிற உள்ளூர் ஜனங்க சொந்த உபயோகத்துக்குத் தவிர நிலத்தடி தண்ணி எடுக்கக்கூடாது. 200ல இருந்து 500 மீட்டர் வரைக்கும் வேற வழியே இல்லாதப்ப சாதாரண கிணத்துல கையால இறைச்சுக்கலாம், அவ்வளவுதான். மோட்டார் வாங்குனதுக்கு அப்புறம் இதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன புண்ணியம்.

1. வருஷத்துக்கு எவ்வளவு தண்ணி வேணும்னு எழுதுங்க

தண்ணி எங்க இருந்து வரும்னு தேடுறதுக்கு முன்னாடி எவ்வளவு வேணும்னு தெரியணும். புதுசா வர்றவங்க இதை விட்டுட்டுத்தான் "நல்ல ஊத்து கிடைச்சா போதும்"னு ஓடுறாங்க.

தண்ணிய மூணா பிரிச்சு எழுதுங்க. குடிக்க சமைக்க ஆளுக்கு நாளைக்கு 6 லிட்டர், இது மட்டும் சுத்தமான தண்ணியா இருக்கணும். குளிக்க துவைக்க கழுவ ஆளுக்கு 50 லிட்டர் வச்சுக்கோங்க, இது கொஞ்சம் சவரா இருந்தாலும் பரவாயில்ல. மாடு ஒண்ணுக்கு 50, 60 லிட்டர், ஆடு ஒண்ணுக்கு 5, 6 லிட்டர். மூணாவது பயிர்.

பயிருக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கு. ஒரு ஏக்கர்ல 1 மில்லிமீட்டர் தண்ணி நிக்கணும்னா 4047 லிட்டர் வேணும். வெயில் காலத்துல காய்கறிக்கு சொட்டுநீர்ல நாளைக்கு 4 மில்லிமீட்டர்னு வச்சா ஏக்கருக்கு சுமாரா 16,000 லிட்டர், வீணாகுறதையும் சேத்தா 18,000. தென்னைக்கு சொட்டுநீர்ல மரத்துக்கு 65ல இருந்து 100 லிட்டர், 25 அடி இடைவெளியில ஏக்கருக்கு 70 மரம், அப்போ நாளைக்கு சுமாரா 4,500ல இருந்து 7,000 லிட்டர். ஆனா தென்னைக்கு வருஷம் பூராவும் ஊத்தணும், மிளகாய்க்கு நாலஞ்சு மாசம்தான். இந்த வித்தியாசத்தை எழுதிப் பாத்தாலே பாதி முடிவு உங்களுக்கே வந்துடும்.

மழையையும் எழுதுங்க. ராமநாதபுரத்துக்கு வருஷத்துக்கு சுமாரா 800 மில்லிமீட்டர், அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். அதாவது மழை கம்மின்னு சொல்றத விட, மூணு மாசத்துல வர்றதை மிச்சம் ஒன்பது மாசத்துக்கு எப்படி புடிச்சு வைக்கிறதுன்னு யோசிக்கணும். கணக்கு போடும்போது சராசரி மழைய வைக்காதீங்க, அதுல பாதிய வைங்க, ஏன்னா பொய்க்கிற வருஷம் இங்க அடிக்கடி வரும்.

2. சுத்தி இருக்குற எல்லா தண்ணியையும் அளந்து பாருங்க

இதுக்கு நேரம் குடுங்க. உங்க நிலத்துல ஒரு கிணறும் இல்லன்னாலும் சுத்தி அரை கிலோமீட்டர்ல இருக்குற கிணறு, அடிபம்பு, போர், ஊருணி, கண்மாய் எல்லாத்துலயும் தண்ணி எடுத்து ஈ.சி. பாத்து, ஆழத்தோட, கடல்ல இருந்து எவ்வளவு தூரம்னும் சேத்து நோட்டுல எழுதுங்க. ரெண்டு தடவை அளக்கணும்: ஒண்ணு ஆடி ஆவணியில, மழைக்கு முன்னாடி தண்ணி அடியில கிடக்குறப்ப, இன்னொண்ணு தை மாசத்துல மழை முடிஞ்சதும். தை மாசத் தண்ணிய ருசி பாத்துட்டு "இனிப்பா இருக்கு"ன்னு நிலத்தை வாங்குறதுதான் இங்க அதிகமா நடக்குற தப்பு. அந்த இனிப்பு மேல மிதக்குற மழைத்தண்ணி, பங்குனி தாண்டுனா இருக்காது.

தண்ணி எடுக்குற முறை முக்கியம். மோட்டாரை 20 நிமிஷமாவது ஓட விட்டு, அதே தண்ணியில பாட்டிலை மூணு தடவை அலசி, கழுத்து வரைக்கும் நிரப்பி மூடுங்க. பைப்புல தேங்கி நின்ன தண்ணிய புடிச்சா அது பைப்போட கதையத்தான் சொல்லும். மீட்டர்ல பாத்து தேறுற தண்ணிய மட்டும் லேபுக்கு அனுப்புங்க, குடிதண்ணிக்கு குடிநீர் வடிகால் வாரிய லேபு, பாசனத்துக்கு வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையம்.

ரிசல்ட்டை இப்படி படிங்க. பாசனத்துக்கு ஈ.சி. 0.7க்கு கீழ இருந்தா எந்தப் பயிருக்கும் தைரியமா விடலாம். 0.7ல இருந்து 3 வரைக்கும் பயிரையும் முறையையும் பாத்து விடணும். 3க்கு மேல போனா உப்பு தாங்குற பயிர், வடிகால் நல்லா இருக்குற மண், இந்த ரெண்டும் இருந்தாத்தான் தொடணும். கடல் தண்ணி 50 கிட்ட வரும், அதை மனசுல வச்சா அளவு புரியும். குடிக்கிறதுக்கு டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது.

ஈ.சி. மட்டும் பாத்து நிறுத்தாதீங்க. லேப் தாள்ல எஸ்.ஏ.ஆர்., ஆர்.எஸ்.சி.ன்னு ரெண்டு வரும். முதல்ல சொன்னது சோடியம் எவ்வளவு ஆதிக்கம் பண்ணுதுன்னு காட்டுறது, ரெண்டாவது பைகார்பனேட் உபரிய காட்டுறது. ஆர்.எஸ்.சி. 1.25க்கு கீழ இருந்தா நல்லது, 2.5 தாண்டுனா ஒதுங்கிடுங்க. சோடியம் ஏறுன களிமண் தண்ணிய உள்ள விடாது, மேல ஏடு கட்டும், விதை முளைச்சு வெளிய வர முடியாம மடியும். இன்னொரு விஷயம், இந்த கெடுதல் உப்புத்தண்ணி பாய்ச்சும்போது தெரியாது, நல்ல மழை பேஞ்சதும்தான் தெரியும், ஏன்னா அதுவரைக்கும் தண்ணியில இருந்த உப்பே மண்ணைக் கட்டி வச்சிருக்கும், மழை அந்த உப்பைக் கழுவுனதும் சோடியம் புடிச்ச களி கரைஞ்சு இறுகிடும். "மழை பேஞ்சும் வயல்ல தண்ணி இறங்கலயே"ன்னு கேக்குறவங்களுக்கு விடை இதுதான். மண்ணுல இருந்து சோடியத்தை விலக்குற ஜிப்சத்தை மழைக்கு முன்னாடி போடச் சொல்றதும் இதனாலதான்.

பக்கத்துல இறால் பண்ணையோ உப்பளமோ இருக்கான்னும் சுத்திப் பாருங்க. அதுல நிறுத்துற உப்புத்தண்ணி மண்ணு வழியா நகரும், இன்னைக்கு நல்லா இருக்குற கிணறு அந்தப் பக்கமா இருந்தா நாளைக்கு இருக்கும்னு சொல்ல முடியாது.

3. மண்ணுல தண்ணி எப்படி போகுதுன்னு பாருங்க

ஒரு முழ ஆழத்துக்கு குழி வெட்டி தண்ணிய நிரப்பி ஒரு மணி நேரம் கழிச்சும், அடுத்த நாள் காலையிலயும் போய் பாருங்க. காலையிலயும் தண்ணி அப்படியே நின்னா களி, குட்டை வெட்ட நல்லது, உப்புத்தண்ணி பாசனத்துக்கு மோசம். ஒரு மணி நேரத்துல காணாம போச்சுன்னா மணல், குட்டை நிக்காது, ஆனா உப்பைக் கழுவி விட சுலபம்.

அடுத்து மண் ஆகர் (கையால திருகி மண்ணைத் துளைக்கிற கருவி) வச்சு ஏழெட்டு அடி வரைக்கும் துளை போட்டு கீழ தண்ணி எத்தனை அடியில தட்டுதுன்னும் அதோட ஈ.சி. என்னன்னும் பாத்துடுங்க. நாலஞ்சு அடியில உப்புத்தண்ணி இருந்தா, நீங்க என்னதான் நல்ல தண்ணி ஊத்துனாலும் வெயில்ல அந்த உப்பு மேல ஏறி வரும். குட்டை வெட்டவும் இந்த அளவு தேவைப்படும்.

4. குடிக்கிற தண்ணிக்கு கூரைய நம்புங்க

கூரைத் தண்ணிக் கணக்கைப் போட்டா பல பேருக்கு நம்பவே முடியாது. 1000 சதுர அடி மொட்டை மாடின்னா 93 சதுர மீட்டர். 800 மில்லிமீட்டர் மழையில வீணாகுறது போக 59,000 லிட்டர் கிடைக்கும், மழை பாதியா போனாலும் 30,000. அஞ்சு பேர் வீட்டுக்கு குடிக்க சமைக்க நாளைக்கு 30 லிட்டர், ஒன்பது மாசத்துக்கு 8,100 லிட்டர். ஒரு 10,000 லிட்டர் தொட்டி கட்டுனா தள்ளுவண்டியில குடம் குடமா தண்ணி வாங்குற செலவும் அலைச்சலும் போயிடும்.

முதல் மழைய தொட்டிக்கு விடாதீங்க, மாடியில இருக்குற தூசி, பறவை எச்சம், கடல் காத்துல வந்து படிஞ்ச உப்பு எல்லாம் அதுலதான் வரும். அதைத் திருப்பி விட தனி வால்வு வைங்க. தொட்டிக்குள்ள வெளிச்சம் போகக்கூடாது, போனா பாசி. மூடி கொசு புகாத மாதிரி இருக்கணும். குடிக்கிறதுக்கு முன்னாடி காய்ச்சுங்க.

காவிரி கூட்டுக் குடிநீர் இணைப்பு இருக்குற ஊரா இருந்தா வாங்கிக்கோங்க, ஆனா அது வராத நாளுக்கும் சேத்துத்தான் தொட்டி. அந்தத் தண்ணிய தோட்டத்துக்கு திருப்புறது ரொம்ப தப்பு, குழாயோட கடைசியில இருக்குற தெருவுக்கு சொட்டு வராம போகும்.

5. பண்ணைக்குட்டை

களி பாங்கான நிலம்னா பாசனத்துக்கு முதல் தண்ணி இதுதான். இடத்தை நிலத்தோட தாழ்வான மூலையில தேர்ந்தெடுங்க, அதை கண்ணால முடிவு பண்ணாதீங்க, ஒரு நல்ல மழையில நின்னு தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்து முளைக்குச்சி அடிங்க.

ஆழம்தான் கவனிக்க வேண்டியது. உள்நாட்டுல "எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது"ன்னு சொல்லுவாங்க, கடலோரத்துல அது செல்லாது. மூணாவது படியில பாத்த உப்புத்தண்ணி மட்டத்துக்கு மேலயே குட்டையோட அடி நிக்கணும், குறைஞ்சது ரெண்டு அடியாவது இடைவெளி விடுங்க. அதைத் தாண்டி வெட்டுனா கீழ இருந்து உப்பு ஊறி மழைத்தண்ணியையும் கெடுக்கும். ஜே.சி.பி. ஓட்டுறவரு மணிக்கணக்குல வேலை பாக்குறவரு, நிறுத்துன்னு சொல்லாட்டி வெட்டிக்கிட்டே போவாரு, அதனால கூடவே நில்லுங்க.

30க்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழம், பக்கவாட்டுல ஒண்ணுக்கு ஒன்றரை சரிவு (ஒரு அடி இறங்க ஒன்றரை அடி உள்ள சாயுறது) வச்சா சுமாரா 14 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் புடிக்கும். கேக்க பெருசா இருக்கும், ஆனா வெயில் நாள்ல 5 மில்லிமீட்டர் ஆவியானாலே நிறைஞ்ச குட்டையில இருந்து தினம் 4,500 லிட்டர் காத்துல போகுது. மூணு மாசத்துல மூணு, நாலு லட்சம் போயிடும், கசிவு தனி. கையில 10 லட்சம்னு வச்சுக்கோங்க, நாளைக்கு 18,000 வீதம் ஒரு ஏக்கர் காய்கறிக்கு 55 நாள் வரும். அதனால இந்தக் குட்டைய வச்சு கோடையில முழுப் பயிர் வைக்கலாம்னு கனவு காணாதீங்க. மழையில வளந்த பயிருக்கு தை, மாசியில உயிர்த்தண்ணி குடுக்கத்தான் இது, அந்த வேலைய அருமையா செய்யும். இங்க குண்டு மிளகாய் (முண்டு மிளகாய்னும் சொல்லுவாங்க) காலங்காலமா வர்றதும் இந்த மாதிரிதான், மழை ஈரத்துல புடிச்சு, ஊருணி குட்டைத் தண்ணியில ஒண்ணு ரெண்டு தடவை நனைச்சு எடுக்குறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது, அந்த மிளகாய உப்பு போர்த்தண்ணியில விளைய வச்சுடலாம்னு நினைக்காதீங்க.

மணல் நிலம்னா தார்ப்பாய் விரிக்கணும். நண்டு, எலி, ஆட்டுக்குளம்பு மூணும் அதைக் கிழிக்கும், அதனால வேலி போடுங்க. குழந்தைங்க வழுக்கி விழுந்தா ஏறி வர முடியாது, ஓரத்துல முடிச்சு போட்ட கயிறு கட்டி தொங்க விடுறதை மறக்கவே மறக்காதீங்க.

தண்ணி உள்ள வர்ற வாயில வண்டல் தங்குறதுக்கு சின்னக் குழி, வெளிய போக கல் பாவுன வழி, ரெண்டும் வேணும். வெளிய போற வழி இல்லாத குட்டை ஐப்பசி அடைமழையில கரைய உடைச்சுக்கிட்டுப் போகும். மானியம் வாங்குறதா இருந்தா வேளாண் ஆபீஸ்ல முதல்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிட்டு வெட்டுங்க, வெட்டுனதுக்கு அப்புறம் போனா கிடைக்காது. சொட்டுநீருக்கும் இதே கதைதான், சிறு குறு விவசாயி சான்று இருந்தா தமிழ்நாட்டுல முழு மானியம் உண்டு.

6. மேல்மட்டக் கிணறு: கொஞ்சமா, மெதுவா

மணல் திட்டு நிலத்துக்கு இது முதல் தண்ணி. தங்கச்சிமடம் பக்கம் கடல் சுத்தி இருக்க, மணல்ல ஆழமில்லாத ஊத்து தோண்டி மல்லிகை நாத்து வளக்குறாங்கன்னா காரணம் இதுதான், பேயுற மழை மணல்ல இறங்கி, கீழ இருக்குற கனமான உப்புத்தண்ணி மேல, எண்ணெய் மாதிரி மிதந்து நிக்குது.

அந்த மிதப்புக்கு ஒரு கணக்கு இருக்கு. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா கீழ சுமாரா 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்க: மேல 1 அடிய நீங்க இறைச்சு குறைச்சுட்டா கீழ உப்பு 40 அடி மேல ஏறப் பாக்கும். உடனே வராது, மெல்ல வரும், வந்துட்டா சீக்கிரம் இறங்காது. சென்னைக்கு வடக்க மீஞ்சூர் பக்கம் அளவு இல்லாம இறைச்சதுல கடல் தண்ணி பல கிலோமீட்டர் உள்ள வந்தது ஊரறிஞ்ச விஷயம்.

அதனால கிணத்தை ஆழப்படுத்தாதீங்க, அகலப்படுத்துங்க. ஒரு பெரிய கிணத்துக்கு பதிலா தள்ளித் தள்ளி மூணு நாலு சின்ன ஊத்து நல்லது. இன்னும் நல்ல வழி, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் கீழ துளை போட்ட பைப்பை படுக்கையா புதைச்சு ஒரு உறைகிணத்துல சேக்குறது, ஆந்திராவுல பாபட்லா பக்கம் கடலோர மணல்ல இந்த முறைய நல்லா பண்றாங்க, மேல இருக்குற நல்ல தண்ணிய மட்டும் வழிச்செடுக்கும்.

மோட்டார் சின்னதா இருக்கட்டும், அரை எச்.பி., ஒரு எச்.பி. போதும். 5 எச்.பி. போட்டு ஒரு மணி நேரத்துல தொட்டிய நிரப்புறது சவுகரியமா இருக்கும், ஆனா அந்த ஒரு மணி நேரத்துல கிணத்துக்கு நேர் கீழ உப்பு குவிஞ்சு மேல வரும். சின்ன சோலார் மோட்டார் பகல் பூரா மெதுவா இறைக்கும், அது இந்த மண்ணுக்கு ரொம்ப பொருத்தம். ஃபுட் வால்வை (உறிஞ்சுற பைப்போட அடியில இருக்குற வால்வு) தரையில படுக்க விடாம மேல்மட்டத்துலயே நிறுத்துங்க.

இப்போ சோதனை. மோட்டார் போட்டதும் ஒரு ஈ.சி., ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு ஈ.சி. எடுங்க. ரெண்டாவது கூடிக்கிட்டே போனா நீங்க இறைக்கிற வேகம் அதிகம்னு அர்த்தம், நேரத்தைக் குறைங்க.

மணல் திட்டை மட்டம் தட்டவோ மண் அள்ள விடவோ செய்யாதீங்க, தயவு செஞ்சு. அந்த மேடுதான் மழைய வாங்கி வச்சிருக்குற தொட்டி, அது போனா உங்க கிணறு மட்டும் இல்ல, பக்கத்துல குடிக்க ஊத்து தோண்டுற ஜனங்க தண்ணியும் போயிடும்.

7. கண்மாய், ஊருணி

நிலம் கண்மாய் ஆயக்கட்டுல (கண்மாய்த் தண்ணி பாயுற பரப்புல) இருக்கான்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. இருந்தா மடை எது, முறை யாருக்கு எப்போன்னு ஊர்ப் பெரியவங்ககிட்ட உக்காந்து பேசுங்க, அது எங்கயும் எழுதி இருக்காது. கண்மாய்த் தண்ணி மழைத்தண்ணி, ஈ.சி. குறைவு, உப்பு புடிச்ச வயலைக் கழுவ இதை விட நல்லது கிடையாது.

உங்க நிலத்து வழியா வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வாய்க்கால்) போனா அதை மூடி வேலி போடாதீங்க. புதுசா வாங்குனவங்க அளந்து கம்பி வேலி போடும்போது இதுதான் நடக்குது, மேல இருந்து வர்ற தண்ணி நின்னு போய் கீழ ஒரு கண்மாயே காயுது. காலுல மண்டிக் கிடக்குற சீமைக் கருவேலத்தை வேரோட எடுங்க, வெட்டி விட்டா இன்னும் புதரா வரும்.

ஊருணித் தண்ணி குடிக்க வச்சிருக்குறது. அதுல மோட்டார் வைக்காதீங்க.

8. போர் போடுறதா இருந்தா

மேல சொன்ன எல்லாம் பாத்தும் பத்தலன்னா மட்டும். ரெண்டாவது படியில எழுதுன நோட்டை எடுங்க, சுத்தி இருக்குற போர்ல எந்த ஆழத்துல எந்த ஈ.சி.ன்னு வரிசைப்படுத்திப் பாத்தா ஒரு படம் கிடைக்கும். அதுக்கு மேல மின்தடை ஆய்வு (மண்ணுக்குள்ள கரண்ட் விட்டு கீழ என்ன இருக்குன்னு பாக்குறது) பண்ணச் சொல்லுங்க, ஆனா கடலோரத்துல களியும் உப்புத்தண்ணியும் அந்தக் கருவிக்கு ஒரே மாதிரி தெரியும், அதனால அதை மட்டும் நம்பி இறங்காதீங்க.

சில இடத்துல மேல உப்பு, நடுவுல களி, அதுக்குக் கீழ நல்ல தண்ணின்னு இருக்கும். அங்க மேல்மட்ட உப்பு கீழ இறங்காத மாதிரி கேசிங் பைப்பை களி வரைக்கும் இறக்கி, பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவுல இருக்குற இடுக்கை சிமெண்ட் பாலால அடைக்கணும். செலவைப் பாத்து இதை விட்டுட்டா அந்த ஓட்டை வழியா உப்பு கீழ இறங்கி, உங்களுது மட்டும் இல்லாம அக்கம்பக்கத்து நல்ல தண்ணியும் கெடும். தோண்டும்போது இருபது அடிக்கு ஒரு தடவை வெளிய வர்ற தண்ணிய அளங்க. நல்ல ஈ.சி. வந்து, அப்புறம் ஏற ஆரம்பிச்சா அங்கயே நிறுத்தச் சொல்லுங்க. "இன்னும் அம்பது அடி போனா நல்லா வரும் அண்ணே"ன்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க. கெட்ட போரை அப்படியே விட்டுட்டும் போகாதீங்க, களியும் சிமெண்டும் போட்டு மூடிடுங்க.

9. ஆர்.ஓ., கடல்நீர் சுத்திகரிப்பு

சுருக்கமா சொல்லிடுறேன். கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்க ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் கரண்ட் ஆகும், உள்ள போற தண்ணியில பாதிக்கு மேல இன்னும் உப்பான கழிவா வெளிய வரும். சென்னை மாதிரி ஊருக்கு மீஞ்சூர்லயும் நெம்மேலியிலயும் வச்சிருக்குறது குடிக்க. மிளகாய்க்கும் நெல்லுக்கும் அது கட்டுப்படி ஆகாது.

வீட்டுக்கு சின்ன ஆர்.ஓ. வச்சா கழிவுத்தண்ணிய மரத்துக்கு விடாதீங்க, பாத்ரூம் கழுவுங்க. அதுக்கு பதிலா பாத்திரம் கழுவுற தண்ணி, குளிக்கிற தண்ணிய கல்வாழை, சேப்பங்கிழங்கு வச்ச சின்ன மண் பாத்தியில வடிய விட்டு தென்னைக்கும் வாழைக்கும் விடலாம்.

10. பயிரை இப்போ தேர்ந்தெடுங்க

கவனிச்சீங்களா, பயிர் பத்தாவதாத்தான் வருது. தண்ணியப் பாத்து பயிர், பயிரைப் பாத்து தண்ணி இல்ல.

மண்ணுல எவ்வளவு உப்பு வரைக்கும் விளைச்சல் குறையாதுன்னு ஒவ்வொரு பயிருக்கும் ஒரு எல்லை உண்டு. பீன்ஸ் 1, வெங்காயம் 1.2, மிளகாய் 1.5, தக்காளி 2.5, நெல் 3, நிலக்கடலை 3.2, பேரீச்சை 4, சோளம் 6.8, பருத்தி 7.7. இது மண்ணோட ஈ.சி., தண்ணியோடது இல்ல. வழக்கமா பாய்ச்சுற நிலத்துல தண்ணி ஈ.சி.ய ஒன்றரையால பெருக்குனா மண் ஈ.சி. சுமாரா வரும். அப்போ மிளகாய்க்கு தண்ணி 1க்கு மேல போனாலே விளைச்சல் குறைய ஆரம்பிக்கும், பருத்தி 5 வரைக்கும் தாங்கும். நெல்லுல உப்பு தாங்குற டி.ஆர்.ஒய். 3 மாதிரி ரகம் இருக்கு, ஆனா நாத்துப் பருவத்துல நெல் உப்புக்கு ரொம்ப நொந்து போகும், அப்போ மட்டும் நல்ல தண்ணி குடுங்க. வரப்புல பனை வைங்க, அது உங்ககிட்ட தண்ணியே கேக்காது.

11. கலந்து பாய்ச்சுறதும் உப்பைக் கழுவுறதும்

ஈ.சி. 4 இருக்குற கிணத்துத் தண்ணி ஒரு பங்கு, 0.3 இருக்குற குட்டைத் தண்ணி ரெண்டு பங்கு கலந்தா 1.5 வரும். கணக்கு சரிதான், ஆனா கலக்குறத விட மாத்தி மாத்தி விடுறது பல நேரம் நல்லது. முளைப்பு, நாத்து, பூ பருவத்துக்கு குட்டைத் தண்ணி, பயிர் தேறுனதுக்கு அப்புறம் கிணத்துத் தண்ணி. கலந்துட்டா நல்ல தண்ணியோட பலத்தை தேவை இல்லாத பருவத்துலயும் செலவழிச்சுடுறோம்.

உப்புத்தண்ணி விடும்போது பயிர் குடிக்கிறத விட கொஞ்சம் கூட விட்டு உப்பை வேருக்கு கீழ தள்ளணும். எவ்வளவு கூடன்னா, மண் எல்லைய 5ஆல பெருக்கி அதுல தண்ணி ஈ.சி.ய கழிங்க, வந்த விடையால தண்ணி ஈ.சி.ய வகுங்க. தண்ணி 2, தக்காளி 2.5ன்னா: 12.5ல 2 போக 10.5, ரெண்டை அதால வகுத்தா 0.19. பாய்ச்சுற மொத்தத் தண்ணியில இந்தப் பங்கு கழுவுறதுக்குப் போகுது. அதே தண்ணி மிளகாய்க்குன்னா 0.36, அதாவது மூணுல ஒரு பங்குக்கு மேல சும்மா கழுவவே போகும், அவ்வளவு தண்ணி யார்கிட்ட இருக்கு. கீழ உப்புத்தண்ணி மட்டம் கிட்ட இருந்தா இந்தக் கழுவலும் வேலை செய்யாது, வடிகால் வாய்க்கால் வெட்டணும்.

சொட்டுநீர் போடுங்க, தெளிப்பான் வேண்டாம், இலையில உப்பு படிஞ்சு ஓரம் கருகும். தினமும் கொஞ்சம் விடுங்க, நாலு நாளைக்கு ஒரு தடவை மொத்தமா விடாதீங்க, ஈரம் இருக்குற வரைக்கும் உப்பு வேரை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கி நிக்கும். ஒண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க: லேசா தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாதீங்க, ஓடட்டும். தூறல் ஓரத்துல கிடக்குற உப்பைக் கரைச்சு வேருக்குள்ள கொண்டு வந்துடும், உள்ள இருந்து தண்ணி தள்ளிக்கிட்டே இருந்தாத்தான் அது வராது. பலத்த மழைன்னா நிறுத்திக்கலாம்.

மண்ணுல வண்டலும் தொழு உரமும் சேருங்க, கண்மாய் வண்டல் அள்ள தாசில்தார்கிட்ட அனுமதி வாங்கணும், கோடையில போங்க. மண்ணு மேல வைக்கோல், சருகு மூடாக்கு போட்டா ஆவியாகுறது குறையும், உப்பு மேல வர்றதும் குறையும்.

12. மாசா மாசம் எழுதுங்க, நிறுத்துற எல்லைய முன்னாடியே முடிவு பண்ணுங்க

மாசம் ஒரு நாள், ஒரே தேதியில, கிணத்து தண்ணி மட்டம், ஈ.சி., குட்டை உயரம், மழை நாலையும் நோட்டுல ஏத்துங்க. ரெண்டு வருஷக் கணக்கு சேந்துட்டா எந்த மாசம் உங்க கிணறு திரும்புதுன்னு உங்களுக்கே தெரியும்.

பயிர் வைக்கிறதுக்கு முன்னாடியே நோட்டுல ஒரு எல்லைய எழுதிடுங்க, உதாரணத்துக்கு கிணத்து ஈ.சி. 2 தாண்டுனா மோட்டாரை நிறுத்துறதுன்னு. காய் புடிச்சு நிக்கிற நேரத்துல யாருக்கும் நிறுத்த மனசு வராது, அதனாலதான் முன்னாடியே எழுதச் சொல்றேன். எல்லை வந்துட்டா அந்தக் கிணத்தை அடுத்த மழை வரைக்கும் விட்டுடுங்க, குட்டையில எவ்வளவு தண்ணி மிச்சம் இருக்கோ அதை ஒரு ஏக்கர் காய்கறிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 18,000ஆல வகுத்து எத்தனை நாளைக்கு வரும்னு பாத்து, பத்தலன்னா பரப்பைப் பாதியாக்கி நல்லா நிக்கிற பாதிக்கு மட்டும் தண்ணி குடுங்க.